செவிலியரின் வருத்தத்தை அளந்தால் மட்டும் போதுமா?

மருந்து மாறிப்போனால் விளக்கக் கடிதம் கேட்பார்கள். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் அறிக்கை, அதன் பின்னால் மெமோ. ஆனால் "சிஸ்டர், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்களேன்" என்று கேட்ட முதியவரிடம், "இதோ வந்துவிடுகிறேன் ஐயா" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு ஓடியவர், திரும்புவதற்குள் அந்த முதியவர் இறந்துவிட்டால்? கேஸ் ஷீட்டில் ஒரு குறையும் இருக்காது. அந்தச் செவிலியருக்கு மட்டும் பல நாள் தூக்கம் வராது.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டெல்ஃபின் கூர்வாசியேயும் சக ஆய்வாளர்களும் இந்த வருத்தத்தின் தீவிரத்தை அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். வருத்தத்தை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க இன்னொன்றும் உண்டு. சிலர் நடந்ததிலிருந்து எதையாவது சரிசெய்ய முனைகிறார்கள். சிலர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். சிலர் உள்ளுக்குள்ளேயே போட்டுக் குமைகிறார்கள். வருத்தம் கூடக்கூடத் தூக்கம் கெடுகிறது என்பதையும் அந்தக் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வருத்தத்தை நோயாகப் பார்க்காத இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்குமே வருந்தாத செவிலியரிடம் என் தாயை ஒப்படைக்க மாட்டேன். நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் மூத்த சிஸ்டர்கள், "கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடம்மா" என்பார்கள். பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் மறக்கச் சொன்னார்களே தவிர, என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

சிகிச்சை முடிவெடுத்த நோயாளியின் வருத்தத்தை அளக்க 2003இலேயே ஐந்து கேள்விகளில் ஓர் அளவுகோல் வந்துவிட்டது. செவிலியரின் நிலை வேறு. அவர் பல நேரம் தான் எடுக்காத முடிவுகளுக்காக வருந்துகிறார். சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய நிறுவனம் இடம் தராதபோது எழும் தவிப்பை, 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் தனியே அடையாளம் காட்டினார். வார்டில் வருத்தமும் இந்தத் தவிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்தே கிடக்கின்றன.

என் அச்சமும் இங்கேதான். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. இரவில் வார்டு முழுவதையும் ஒருவரே ஓடி ஓடிப் பார்க்கும் இடங்களை நான் அறிவேன். அங்கே போய், "உங்கள் வருத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால், ஆள் பற்றாக்குறையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். "அன்றைய டியூட்டியில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள்?" என்பது அந்தப் படிவத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

படிவத்தில் பெயர் கேட்கவே கூடாது. அமெரிக்காவின் டென்னசியில் ரடோண்டா வாட் என்ற செவிலியர் 2017இல் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார், நோயாளி இறந்தார். அவர் தன் தவறை அப்போதே ஒப்புக்கொண்டார். 2022இல் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. உயிரிழந்தவரின் குடும்பத்தின் துயரம் பெரிது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்த எந்தச் செவிலியர் இனி மனம் திறந்து எழுதுவார்?

வருத்தத்தை அளக்கும் இந்த முயற்சியைப் புதிதாகப் பணியில் சேருபவர்களிடமிருந்து தொடங்கலாம். அவர்கள் நிரப்பும் தாள்கள் நிர்வாகத்தின் கைக்கோ பணிப் பதிவேட்டுக்கோ போகக் கூடாது. பிறகு, இரவுப் பணி பார்த்துப் பழகிய மூத்த செவிலியர் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை டியூட்டி நேரமாகக் கணக்கிட்டு, அதுவரை வார்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவரை அனுப்ப வேண்டும்.