லைசென்ஸ் வேறு, பர்மிட் வேறு

"7,500 கிலோ வரையுள்ள லோடு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று மேலே நண்பர் எழுதியிருப்பது தவறு. 2024 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு ஓட்டுநர் உரிமம் பற்றியது; மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்கிறதே தவிர, வண்டியைச் சரக்கு ஏற்றி இயக்க அரசு தரும் அனுமதியான பர்மிட்டின் விதியை அது தளர்த்தவில்லை.

பர்மிட் விலக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் உள்ளது. வரம்பு 3,000 கிலோ. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வெற்று எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். பார்க்க வேண்டியது சரக்கையும் சேர்த்த மொத்த எடையை. சென்னை மாதவரத்தில் வரிசையாக நிற்கும் குட்டி யானைக்கு (டாடா ஏஸ்) விலக்கு உண்டு (எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் இன்ஷூரன்சும் அதற்கும் கட்டாயம்), பக்கத்தில் நிற்கும் 14 அடி ஐச்சர் லாரிக்குக் கிடையாது. ஐச்சர் ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு பர்மிட் மட்டும் போதாது.

பர்மிட் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியிருக்கிறது. நகையை அடகு வைத்து முதல் வண்டி எடுப்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.