ஸ்பேசர் போட்டால் ஏடிவி ஹேண்டில் லேசாகுமா?

"முன் சக்கரங்களுக்கு வீல் ஸ்பேசர் போடுங்கள், ஏடிவியின் ஹேண்டில் லேசாகத் திரும்பும், பவர் ஸ்டீயரிங்கே வேண்டாம்" என்று ஒரு யோசனை பரவுகிறது. ஏடிவி என்பது கரடுமுரடான தரையில் ஓட்டும், ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி. ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவே வைத்து, சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளும் உலோகத் துண்டு. இந்த யோசனை தவறு. நடப்பது நேர் எதிர்.

ஹேண்டிலைத் திருப்பும்போது சக்கரம் ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்பேசர் கூட்டிவிடுகிறது. அப்புறம் ஒரு பக்க டயர் கல்லில் மோதினாலே ஹேண்டில் கையை வெட்டி இழுக்கும். வீல் பேரிங், பால் ஜாயின்ட் மீதும் சுமை ஏறும்.

ஸ்பேசரால் சக்கரங்களின் இடைவெளி அகன்று வண்டி பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு குறையும் என்பது சரி. அதைத்தான் யாரோ ஸ்டீயரிங்கோடு குழப்பியிருக்கிறார்கள்.

ஹேண்டில் கனமாக இருந்தால் முதலில் முன் டயரின் காற்றைப் பாருங்கள். ஏடிவி டயருக்குப் பொதுவாக 10 பிஎஸ்ஐக்கும் குறைவுதான். ஓரிரண்டு குறைந்தாலே கையில் தெரியும். அதற்காகக் குறிப்பிட்ட அளவைத் தாண்டி அடைக்கவும் கூடாது, பிடிமானம் போய்விடும். முன் டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு) போட்டபடியே ஓட்டினாலும் ஹேண்டில் திரும்ப அடம்பிடிக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் கை வலித்தால், உங்கள் மாடலுக்கென வரும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கிட்தான் உருப்படியான மாற்றம்.