யோபுவும் அழுதார், ஐயா

வெள்ளிக்கிழமை அந்த ஆறுதல் கூட்டத்தில் நடந்தது இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். குழுக்களில் சுற்றிவந்த குரல் பதிவையும் கேட்டிருப்பீர்கள். யார், எந்தச் சபை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சை என்னால் கடந்துபோக முடியவில்லை. அது தவறு என்று நான் சொன்னதிலிருந்து பலர் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது. மகனைப் பறிகொடுத்த தாயை எல்லார் முன்னாலும் பார்த்து, அன்று பேசியவர் மைக்கில் சொன்னது: "யோபுவுக்குப் பத்துப் பிள்ளைகள் போனார்கள். அவர் முறுமுறுத்தாரா? கர்த்தர் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். உங்களுக்கு ஒரு பிள்ளைதான் போயிருக்கிறான். விசுவாசம் இருந்தால் இந்த அழுகை எதற்கு, சகோதரி?"

அக்கா அழுகையை நிறுத்திக்கொண்டார்கள். கைக்குட்டையை வாயோடு சேர்த்து அழுத்தியபடி, சரி சரி என்று தலையாட்டினார்கள். கூட்டத்தில் சிலர் ஆமென் சொன்னார்கள். அந்த ஆமென்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யோபு முறுமுறுக்கவில்லை என்று எந்த வேதாகமத்தில் இருக்கிறது? யோபின் புத்தகத்துக்கு 42 அதிகாரங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது முதல் அதிகாரத்தில் வருகிறது. நம்மில் பலர் அதோடு புத்தகத்தை மூடிவிட்டு, நேராகக் கடைசி அதிகாரத்தில் போய்த் திறக்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறந்து தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கருவிலேயே நான் ஏன் சாகவில்லை என்று கேட்கிறார். ஏழாம் அதிகாரத்தில், என் வாயை அடக்கமாட்டேன் என்று கடவுளிடமே சொல்கிறார். அதிகாரம் அதிகாரமாக அழுகிறார், புலம்புகிறார், வழக்காடுகிறார், பதில் சொல்லும் என்கிறார். யோபு அழுதார், ஐயா. நீங்கள் உதாரணம் காட்டிய அதே யோபுதான்.

அந்த இரட்டிப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆடுகள் 7,000 இருந்தன, 14,000 ஆயின. ஒட்டகங்கள் 3,000 இருந்தன, 6,000 ஆயின. ஏர்மாடும் கழுதையும் அப்படித்தான். பிள்ளைகள்? முன்பு ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பிறகும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். மந்தை இரட்டித்தது, பிள்ளைகள் இரட்டிக்கவில்லை. செத்துப்போன பிள்ளைக்குப் பதில் பிள்ளை என்று இந்தப் புத்தகம் கணக்குத் தீர்க்கவில்லை. ஆடு மாட்டையும் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தியது வேதம் அல்ல, நாம்.

உடனே சிலர் வருவார்கள், தெரியும். "அவர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" சரி, நல்ல எண்ணம்தான். யோபின் நண்பர்கள் கெட்ட எண்ணத்திலா வந்தார்கள்? எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் அவரவர் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். தூரத்திலேயே அவரைப் பார்த்துச் சத்தமிட்டு அழுதார்கள், சால்வையைக் கிழித்துக்கொண்டார்கள், தலையில் புழுதியைப் போட்டுக்கொண்டார்கள். ஏழு நாள், ராவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் யாராவது துக்க வீட்டில் ஏழு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோமா? அவர்கள் தவறியது, வாயைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகுதான். பாவம் செய்யாமலா இப்படி நடக்கும், பிள்ளைகள் ஏதாவது செய்திருப்பார்கள், நீ மனம் திரும்பு. எல்லாம் கேட்க பக்தியான பேச்சு. கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்பட்டார்? அழுத யோபுமேல் அல்ல. பக்தியாகப் பேசிய இவர்கள்மேல். என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தை வாக்குத்தத்தமாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அதைச் சொன்னவர் பில்தாத். சில வரிகளுக்கு முன்னால்தான் அவர் யோபின் பிள்ளைகள் பாவம் செய்து செத்தார்கள் என்கிற மாதிரி பேசுகிறார். எந்த வாய் அந்தத் தாயைக் குத்தியதோ, அதே மாதிரி வாயிலிருந்து வந்த வசனம் அது. வசனத்தைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லவில்லை. யார், யாரிடம், எப்போது சொன்னது என்று ஒருமுறை திறந்து பாருங்கள் என்கிறேன். இதைக் கேட்பதே தப்பா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அப்பா நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர். ஜெபிக்க வந்த சிலர் யோசுவா புத்தகத்திலிருந்து ஆகான் கதையை எடுத்தார்கள். கூடாரத்துக்கு அடியில் வெள்ளியும் பொன்னும் ஒளித்துவைத்த ஆகான். "இந்த வீட்டிலும் ஏதோ ஒளிந்திருக்கிறது ஐயா, அதை அறிக்கையிட்டால் சுகம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அப்பா ஒரு நோட்டும் பேனாவும் கேட்டார். நடுங்குகிற கையால் பெயர்களை எழுத ஆரம்பித்தார். எப்போதோ கோபமாகப் பேசிய ஒரு சக ஊழியர். திருமணத்துக்குப் போக முடியாமல்போன ஒரு உறவினர். ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர்களுக்கு எதற்கு என்றே புரியவில்லை. ஒருவர் போனிலேயே அழுதுவிட்டார். சுகம் வரவில்லை. பட்டியல்தான் நீண்டது. இன்னும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று தேடியபடியே என் அப்பா போய்ச் சேர்ந்தார். அவருடைய கடைசி வாரங்களை நோய் எடுத்துக்கொண்டதைவிட அந்த நோட்டு அதிகம் எடுத்துக்கொண்டது. வந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும், அப்பாவின் நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்து நகவெட்டி கேட்டு வாங்கி, பத்து விரலையும் வெட்டிவிட்டுப் போனார். அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை.

சரி, அடுத்த கேள்வி. "அப்படியானால் விசுவாசம் வேண்டாமா?" யார் வேண்டாம் என்றது? மத்தேயு 17ஐ எடுங்கள். நோயில் வாடிய ஒரு பையனைத் தகப்பன் கொண்டுவந்தார், சீஷர்களால் அவனைச் சுகமாக்க முடியவில்லை. அவிசுவாசம்தான் காரணம் என்று இயேசு சொன்னார். யாரிடம்? பையனிடமா, அவனுடைய தகப்பனிடமா? சுகமாக்க முயன்ற சீஷர்களிடம். இதே சம்பவம் மாற்கு 9இலும் வருகிறது; என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று அங்கே அழுத அந்தத் தகப்பனை அவர் கைவிடவில்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதையிலும், சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. விசுவாசக் குறைவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் சுமந்தவர்களிடமும் ஜெபித்தவர்களிடமும் பேசுங்கள். படுத்திருப்பவனை விட்டுவிடுங்கள். பவுல்கூட தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாகத்தான் விட்டுவந்தார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லையா?

"நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கக் கூடாது" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தை எடுத்து வருகிறவர்களுக்கு: நானும் அதை நம்புகிறவன்தான். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அப்பாவின் கல்லறைக்கு என்னால் போகவே முடியாது. ஆனால் அது உயிர்த்தெழுதலைச் சொல்லித் தேற்றுகிற பகுதி, அழாதே என்று அதட்டுகிற பகுதி அல்ல. வானம் திறந்திருக்கக் கண்டு மரித்தவர் ஸ்தேவான். அவரை அடக்கம்பண்ணினவர்கள் தேவபக்தியுள்ளவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது, அவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றும் அதே வரி சொல்கிறது. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். லாசருவின் சகோதரிகள் மார்த்தாளையும் மரியாளையும் பார்த்து, இந்த அழுகை எதற்கு, சகோதரி என்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பெரிய ஆயுதம். "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே." நேற்றிலிருந்து இதை எனக்கு எத்தனை பேர் அனுப்பிவிட்டார்கள்! அது வருகிற 105ஆம் சங்கீதத்தை மேலே இருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது அது. கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் விட்டுத் தேசம் அலைந்தவர்கள். அவர்களை ஒடுக்க வந்த ராஜாக்களைப் பார்த்துக் கடவுள் சொன்ன வார்த்தை அது. கையில் மைக் இருக்கிறவரைக் கேள்வி கேட்காதே என்பதற்கா அதை எடுப்பது? பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்தாரே, பவுல் என்ன பின்மாற்றக்காரரா, விசுவாசத்தை விட்டு விலகியவரா? என்னைப் பின்மாற்றக்காரன் என்று எழுதியவர்களில் என் அப்பாவின் அடக்க ஆராதனையில் பாடியவரும் இருக்கிறார். அது வலிக்கிறது, மறைக்கவில்லை.

நேரில் சொல்லியிருக்கலாமே என்கிறார்கள். சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஓரமாகப் போய், மரியாதையாகத்தான் சொன்னேன். "உங்களுக்கு ஆவிக்குரிய முதிர்ச்சி போதாது தம்பி" என்று என் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேதத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்தாமல் எப்படி வாழ்வது என்று கேட்கிறீர்கள். பொருத்தத்தான் வேண்டும், நானும் அப்படித்தான் வாழப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கதையில் நாம் யார் என்று முதலில் பார்க்க வேண்டாமா? நாம் எப்போதும் யோசேப்பு, ஒருநாளும் அவரைக் குழியில் போட்ட அண்ணன் அல்ல. எப்போதும் தாவீது, அதுவும் கோலியாத்தை வென்ற தாவீது மட்டும், நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவருடைய பாவத்தைக் காட்டி விரல் நீட்டிய தாவீது அல்ல. வெள்ளிக்கிழமை அவர் அக்காவை யோபுவாக நிறுத்தினார். நல்லது. அப்படியானால் யோபுவுக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த தான் யார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் மைக்கைக் கீழே வைத்திருப்பார். ஆமென் சொன்னவர்களும் அதையே யோசியுங்கள்.

யோபு அழுதார், அதைக் கடவுள் குற்றமாக எண்ணவில்லை. கடிந்துகொள்ளப்பட்ட நண்பர்களிடம் கடவுள் சொன்னது இதுதான்: ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் எடுத்துக்கொண்டு என் தாசனாகிய யோபினிடத்தில் போங்கள், அவன் உங்களுக்காக ஜெபிப்பான். புண்படுத்தியவர்கள் புண்பட்டவரைத் தேடிப் போக வேண்டும். அவரை ஜெபிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். காளையும் கடாவும் யாரும் கேட்கவில்லை ஐயா. நீங்கள் போங்கள். மைக் இல்லாமல், கூட யாரும் இல்லாமல் போய், நான் சொன்னது தப்பு அக்கா என்று சொல்லுங்கள். போவதற்கு முன் ஒரு போன் செய்துவிட்டுப் போங்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, அவர்கள் கண் அசருவதே இப்போது பகலில்தான்.