என் தாத்தா பாசத்தை மறைக்கவில்லை
'அந்தக் காலத்துத் தாத்தாக்களுக்குப் பாசத்தை வெளிக்காட்டத் தெரியாது' என்று தாத்தாக்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னார்குடிப் பக்கம் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தில் பயிர் செய்தவர் என் தாத்தா. ஜூன் 12-இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்காத வருடங்களில் குறுவை நெல் சாகுபடி கிடையாது, கையில் காசும் இருக்காது. அப்போதும் டீக்கடையில் தனக்கென்று வாங்கிய வடையைத் தின்னாமல், எண்ணெய் ஊறிய செய்தித்தாளோடு துண்டில் முடிந்து எங்களுக்குக் கொண்டுவருவார். பாட்டி பக்கவாதத்தில் படுத்த நான்கு வருடமும் அவர்தான் தலைவாரிப் பின்னிவிட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பின்னல் முதலில் வரவில்லை. என் அக்காவின் சடையில் பழகிக்கொண்டார். 'எல்லாம் கடமைக்காகச் செய்திருப்பார்கள்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சொல்கிறார். கடமைக்குச் செய்கிறவர், பாட்டிக்குப் பிடிக்கும் என்று கொல்லையில் கனகாம்பரம் வளர்த்துத் தினமும் சூட்டிவிட்டிருக்க மாட்டார்.