ஆறு வாரம் கழித்து வாங்க

சித்தியின் பித்தப்பை ஆபரேஷனுக்கு முந்தின நாள், அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் போட்ட பதிவையும், அதன் கீழே கமெண்டுகளில் நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை. "கல்லைத்தான் எடுத்தாச்சே, காய்ச்சலும் விட்டுருச்சு. பித்தப்பையை எடுக்க என்ன அவசரம்? காசு பிடுங்கத்தான்." எழுதியவர் எனக்குத் தெரிந்தவர்தான். அதற்கு இருபது முப்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் சித்தியை ஐசியூ வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போன சொந்தக்காரர்கள்.

என்ன அவசரம் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

சித்திக்கு 54 வயது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. முதல் தடவை நடுக்கம் வந்த ராத்திரி நான் பக்கத்தில் இருந்தேன். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. காலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் காபி டம்ளரை நீட்டியபோதுதான் கண்ணைப் பார்த்தேன், மஞ்சள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவதாக அப்புறம்தான் சொன்னாள். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, அந்த இடத்தில் வலி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயில், அதாவது பித்தநாளத்தில், சீழ் பிடித்திருக்கலாம் என்று சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877-லேயே எழுதிவிட்டார். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. ஏதோ விஷக்காய்ச்சல் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டு, இ.ஆர்.சி.பி. என்கிறார்களே அதில், நாளத்தின் வாயை வெட்டி அகலமாக்கிக் கல்லை எடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் சித்தி இட்லி சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். சம்மரியின் கடைசி வரியில், பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆறு வாரம் கழித்து வரவும் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

இருபத்தாறாம் நாள் மறுபடியும் கட்டில் ஆடியது.

இந்த முறை இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "நீ யாரு" என்று கேட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்டாள். இரண்டு நாள் ஐசியூ. பித்தப்பையில் மிச்சம் கிடந்த கற்களில் இன்னொன்று நழுவி நாளத்தை அடைத்திருக்கிறது.

இதில் புரியாதது என்ன இருக்கிறது? நாளத்தில் கிடந்த கல் அங்கே முளைக்கவில்லை, பித்தப்பையிலிருந்து வந்தது. மூட்டை ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு, சிந்தின நெல்லை மட்டும் அள்ளிவிட்டு வந்திருக்கிறோம். 1882-ல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்த லாங்கன்பூக் என்ற டாக்டர் சொன்ன காரணமே அதுதான். கல் இருக்கிறது என்பதற்காக அல்ல, கல்லை உண்டாக்குகிறது என்பதற்காகத்தான் பையை எடுக்க வேண்டும் என்றார். எடுக்கலாமா வேண்டாமா என்பதல்ல என் சண்டை. எப்போது என்பதுதான். காய்ச்சல் அடங்கி, நாளம் சுத்தமானதும் பையை எடுத்துவிட வேண்டும். அதே அட்மிஷனில். முடியவில்லையா, இரண்டு வாரத்துக்குள்.

"நீ என்ன டாக்டரா?" இதையும் கேட்டார்கள். இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ஐசியூ வாசல் நாற்காலியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போனில் படித்தேன். புரியாததை டூட்டி டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தத் தங்கமான பிள்ளை விடிகாலை மூன்று மணிக்குக்கூடப் படம் போட்டுக் காட்டியது. சொந்தச் சித்திக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

நான் படித்தது இது. நெதர்லாந்தில், நாளக் கல்லை எடுத்த 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள், மறு பாதியைப் பொறுத்திருந்து பார்த்தார்கள். 2002-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பொறுத்திருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொந்தரவு திரும்ப வந்தது, பையை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்குத்தான். சரி, சித்தியை யாரும் சும்மா விடச் சொல்லவில்லை, ஆறு வாரம்தானே தள்ளினார்கள் என்பீர்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வெளிவந்த இன்னொரு டச்சு ஆய்வில் 96 பேர். பாதிப்பேருக்குக் கல்லை எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், பாதிப்பேருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து. காத்திருந்தவர்களில் 36 சதவீதம் பேர் அந்த இடைவெளியில் மறுபடியும் அவதிப்பட்டார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்! சீக்கிரம் செய்தவர்களில் ஒரே ஒருவர். ஆறு வாரம் என்பது ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஆறு வாரத்துக்குள்தான் ஆபத்தே இருக்கிறது.

இவை நாளக் கல் எடுத்தவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், சீழ் பிடித்தவர்களை மட்டும் வைத்துச் செய்தவை அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையும் அதே பைதான், கல் வரும் வழியும் அதே வழிதான். ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2016-ல், கல்லை எடுத்த 72 மணி நேரத்துக்குள் பையை எடுக்க வேண்டும் என்றது. இப்படிக் குழாய் விட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களின் ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2019-ல் இரண்டு வாரத்துக்குள் என்றது. இரண்டுமே ஆறு வாரம் என்று சொல்லவில்லை.

"உள்ளே புண் ஆற வேண்டாமா?" நியாயமான கேள்வி, இதை மட்டும் மதிக்கிறேன். கிட்னி, மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாம் ஆட்டம் கண்டு கிடக்கிறவரைத் தூக்கித் தியேட்டரில் போடச் சொல்லவில்லை. அவர் தேறி வர வேண்டும், மயக்க டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் மூன்றாம் நாளே இட்லி சாப்பிட்டு, வராந்தாவில் நடந்து, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டவளுக்கு என்ன ஆற வேண்டும்? இரண்டாவது முறை வேறு ஆஸ்பத்திரி. தேறிய கையோடு அதே அட்மிஷனில் ஆபரேஷன் செய்த சர்ஜன் வெளியே வந்து சொன்னது, "பை சுத்தி எல்லாம் ஒட்டிக் கெடந்துச்சும்மா, பிரிச்செடுக்க மூணு மணி நேரம் ஆயிருச்சு." பொறுத்திருந்ததில் அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

"வயசானவங்களுக்குக் கத்தி எதுக்கு?" ஹாங்காங்கில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்தே செய்த ஆய்வு 2006-ல் வந்திருக்கிறது. அதிலும் பையை எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: கல் அடைத்து வரும் காமாலையில் கல்லை எடுக்காமல் வேறு எதைக் கொடுத்தும் அந்த அடைப்பு திறக்காது. தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்தக் காசு பிடுங்கும் கதை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அது இருந்ததால் தப்பித்தோம். ஒரே அட்மிஷனில் முடிந்திருக்க வேண்டியது இரண்டு அட்மிஷன், இரண்டு இ.ஆர்.சி.பி., ஐசியூ என்று ஆனது. சித்திக்கு ஒரு மாதத்துக்கு மேல் கூலி போனது, கூடவே இருந்த சித்தப்பாவுக்கும்தான். தள்ளிப்போட்டதற்குத்தான் செலவு அதிகம். தியேட்டர் கிடைக்கவில்லை, லிஸ்ட் நீளம், மயக்க டாக்டர் குறைவு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். எனக்கும் அரசு ஆஸ்பத்திரிக் கூட்டம் தெரியும். ஆனால் "இடம் இல்லை, அதனால் தள்ளி வையுங்கள்" என்பது வேறு, "தள்ளி வைப்பது உங்களுக்கு நல்லது" என்பது வேறு. முதலாவதைச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் தேடியிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இரண்டு வருஷமாகச் சித்திக்கு அந்த வலி இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்து முதுகைச் சுவரில் அழுத்திக்கொள்வாளாம். வாயு என்றார்கள். அல்சர் என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்று அவளையே திட்டினார்கள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "ஏ பிள்ள, எனக்கு ஒண்ணுமில்ல, சுக்குத்தண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்பாள், நானும் சரி என்று கிளம்பிவிடுவேன். அப்படி ஒருத்தி கடைசியில் ஆஸ்பத்திரிவரை வந்த பிறகும், என்ன அவசரம் என்று கேட்கிறீர்கள். அவள் பொறுத்தது போதாதா?

நேற்று உள்பெட்டியில் ஒரு தம்பி எழுதியிருந்தான். அவன் மாமாவுக்குக் கல் எடுத்து ஒன்பது நாள் ஆகிறதாம், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்களாம். தம்பி, நாளைக்கே சம்மரியை எடுத்துக்கொண்டு போய், முன்னாடியே செய்ய முடியுமா, முடியாதென்றால் காரணம் மாமாவின் உடம்பா, தியேட்டர் தேதியா என்று கேள். சண்டை போட வேண்டாம், கேட்டால் போதும். நடுக்கம் வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதே, அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போ.

சாயங்காலம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரி. ரசம் சாதம் சாப்பிட்டாள். பையிலிருந்து எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், மல்லி விதை அளவில் பதினேழு. டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். அதற்கு மேலே சுவரில் காலண்டர். டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றைக்குச் சித்தப்பா ஆறு வாரம் எண்ணிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்த தேதி அப்படியே இருக்கிறது. அது வருகிற செவ்வாய்க்கிழமைதான்.