‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன் சிறைக்குப் போகவில்லை

“ஷூ வாங்கக் காசில்லாமல் கடைசிவரை வெறுங்காலோடு பேஸ்பால் ஆடியவர், சூதாட்ட வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலேயே மாண்டார்” என்று அமெரிக்க வீரர் ஜோ ஜாக்சனைப் பற்றி ஒரு தகவல் பகிரப்படுகிறது. பெயரைத் தவிர அநேகமாக எல்லாமே தவறு.

பஞ்சாலையில் வேலை பார்த்து வளர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது மெய்தான். ஆனால் புது ஷூ கடித்துக் கொப்புளம் போட்டதால், ஓர் உள்ளூர் ஆட்டத்தில் காலுறையோடு இறங்கினார். ‘ஷூலெஸ்’ (ஷூ அணியாதவர்) என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

1919 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) ஜாக்சன் ஆடிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டு வீரர்கள் பணம் வாங்கி வேண்டுமென்றே தோற்றதாக எழுந்த வழக்கில், 1921 ஆகஸ்ட் 2 அன்று ஜூரி அவரை விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் நிர்வாகத்தின் ஆணையர் லாண்டிஸ் அந்த எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். தடை வேறு, தண்டனை வேறு.

அதற்காக அவரை அப்பாவி என்றும் சொல்லிவிட முடியாது. 5,000 டாலர் வாங்கியதை 1920இல் அவரே சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். அதே தொடரில் அவருடைய பேட்டிங் சராசரி .375 என்ற மிக உயர்ந்த அளவில் இருந்ததுதான் விந்தை!

பின்னாளில் தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் மதுக்கடை நடத்தி, 1951இல் மாரடைப்பால் இறந்தார். தடை நீங்கியது 2025 மே மாதத்தில்.