மாங்கன்று நட முடியாத நிலம்
எரிசக்திக் கொள்கையை டெல்லியில் சிலர் எழுத, மாநிலத் தலைவர்கள் தலையாட்டுகிறார்கள் என்கிறது ஒரு கட்டுரை. எப்போதும் அப்படி இல்லை. கொச்சி - பெங்களூரு எரிவாயுக் குழாயை எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட 7 மாவட்ட விளைநிலங்களில் பதிக்காதீர்கள், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-ல் ஜெயலலிதா அரசு சொன்னது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிக்கல், குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 1962-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. பட்டா நம் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் நிலப் பட்டையில் மரம் நடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது. அந்த உரிமைக்குச் சட்டம் சொல்லும் விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். மாந்தோப்பை நம்பி வாழ்கிற ஊர்களுக்கு இது எப்படிப் போதும்? டெல்லியில் எத்தனை ஆட்சிகள் மாறிவிட்டன, சட்டத்தில் இந்த விலை மட்டும் மாறவில்லை! ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இந்த 10 சதவீதத்தைப் பற்றி முதலில் கேளுங்கள்.